முனிக்கு முன்னால் வைத்த சல்லடை

பெயர் எழுதிய கடதாசி ஒன்று வேண்டும் என்று கேட்டு வருபவர்களே ஹட்டனில் எங்கள் கந்தோருக்கு அதிகம். பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, இந்தத் தீவில் இன்ன வருடத்திலிருந்து இருக்கிறோம் என்பதற்கு ஏதாவது ஒரு சான்று. தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை மனுக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகிக்கொண்டிருந்த காலம் அது. வக்கீலான பிரக்கிராசி முத்துலிங்கத்திடம் நான் கிளாக்கராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் வாசித்துக் காட்டி, தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் தட்டெழுதி, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது என் வேலை.

1961 பெப்ரவரியில், கேட்காமலேயே ஒருவருக்கு அப்படி ஒரு கடதாசி வந்தது. அனுப்பியவர் வட்டகொடைக்கு மேலே உள்ள ஓடைமலைத் தோட்டத்துத் துரை. அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையில் வேலை செய்யும் சண்முகவடிவு என்ற பெண், சல்லடை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தோட்டத்தை நடத்தும் கொழும்புக் கம்பனி அதற்குப் பேட்டன்ட் உரிமை கேட்டு விண்ணப்பிக்கப் போகிறது. உரிமை கம்பனிக்கு. ஆனால் கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரைப் போட வேண்டும் என்று துரை பிடிவாதமாக நின்று கம்பனியைச் சம்மதிக்க வைத்திருந்தார். அதற்கு அந்தப் பெண் ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும்.

முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டப் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போல வாசிப்பவர்.

"அமிர்தநாதன், இதைப் பாரும்" என்றார். "பிரஜையோ இல்லையோ எண்டு இந்தச் சட்டம் கேக்கேல்லை. ஆர் கண்டுபிடிச்சது எண்டு மட்டும்தான் கேக்குது. வோட்டுப் போட ஏலாத ஒரு பொம்பிளையின்ரை பேர் அரசாங்க சீலோடை அச்சடிச்சு வரப்போகுது. போய் வாசிச்சுக் காட்டி ஒப்பம் வாங்கிக்கொண்டு வாரும்."

மறுநாள் காலை ரயிலில் வட்டகொடை போய், அங்கிருந்து இரண்டு மைல் ஏறினேன்.

தொழிற்சாலையை அங்கே எல்லோரும் 'ஸ்டோரு' என்பார்கள். சலிப்பறை கீழ்த்தட்டில் இருந்தது. வாசலிலேயே ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரையில் பெரிய மழைத்துளிகள் விழுவதுபோல, ஆனால் ஒரே சீராக. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள், புருவத்திலும் இமையிலும் தேயிலைத் தூசு படிய நின்றார்கள்.

"வாங்கய்யா, கழச்சிக்கா மகாராணியத் தேடி வந்தீங்களா?" என்று முதலில் கேட்டவர் காளியாயி. "பேரு கொழும்புக்குப் போகுதாமே! எங்க பேரெல்லாம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தத் தாண்டுனதே இல்ல."

"சும்மா கெட காளியாயி. ஐயாவுக்கு மொதல்ல மெசினக் காட்டு, அப்பறம் ஒன் வாயக் காட்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுதான் சண்முகவடிவு. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. பேசும்போது முகத்தைப் பார்க்காமல் நம் கைகளைப் பார்ப்பவர். நாள் முழுவதும் ஆடும் மெசின்களுக்கு நடுவே நிற்பவர்களின் பழக்கம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மெசினைக் காட்டினார். காய்ந்த தேயிலை ஒரு சாய்ந்த பெட்டிக்குள் விழுகிறது. பெட்டி இடைவிடாமல் ஆடுகிறது. அதில் விரித்த கம்பிவலை வழியாகச் சிறுதூள் கீழே இறங்குகிறது. பெரியது வழிந்து அடுத்த வலைக்குப் போகிறது. வலைக்கண்ணின் அளவே உள்ள தூள் கண்ணிலேயே மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். கால்மணிக்கு ஒருமுறை மெசினை நிறுத்தி, பிரஷால் தேய்க்க வேண்டும். கொழுந்து குவியும் மாதங்களில் நிறுத்த விடமாட்டார்கள். ஆடும்போதே கையை விட்டுத் தேய்க்க வேண்டும். காளியாயி தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். சுட்டுவிரலின் நுனி இல்லை.

"போன வருசம் மே மாசம் போச்சுங்க. தூளோட தூளா லண்டனுக்குப் போயிருக்கும். வெள்ளக்காரன் குடிச்சிருப்பான்" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சண்முகவடிவு சிரிக்கவில்லை.

விரல் போன சில வாரங்களுக்குப் பிறகு, சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் மூலையில் உட்கார்ந்து கழற்சிக்காய் ஆடியிருக்கிறார்கள். சாம்பல் நிறம், கோலிக்குண்டு அளவு, கல்லைப் போன்ற கடினம். அதில் ஒன்று உருண்டு மெசினின் வலைக்குக் கீழே போய்விட்டது. மெசின் ஓடத் தொடங்கியதும் காய் துள்ளித் துள்ளி வலையை அடியிலிருந்து தட்டியது. அது துள்ளிய இடத்தில் மட்டும் வலை அடைக்கவில்லை. இதைப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். "காய எடுங்கடி, தூளோட போயிரும்" என்று பதினொரு பேர் சொன்னார்கள். சண்முகவடிவு மட்டும் பேசாமல் இன்னும் நான்கு காய்களை உள்ளே போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். வலைக்குக் கீழே பெரிய கண்ணுள்ள இன்னொரு வலையைக் கட்டினார். இரண்டுக்கும் நடுவே காய்கள் இருக்க, தூள் மட்டும் இறங்கியது. பெட்டி சாய்ந்திருப்பதால் காய்கள் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்தன. அதற்குக் குறுக்கும் நெடுக்கும் தகரத் தடுப்பு வைத்தார்.

"அததும் அதது காம்பிராவுல கெடக்கணும்ல. ஒரு காம்பிராவுக்கு மூணு காயி."

"நம்ம லயத்துல ஒரு காம்பிராவுக்கு எட்டுப் பேரு" என்றார் காளியாயி. லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறையைத்தான் காம்பிரா என்பார்கள்.

கழற்சிக்காய் போதாமல் போனபோது, கினிகத்தேனையில் இறப்பர் பால் வெட்டும் தம்பியிடம் சொல்லி ஒட்டுப்பாலில் உருட்டிய பந்துகளை வரவழைத்தார். அவை நன்றாகத்தான் துள்ளின. ஆனால் அன்றைய தேயிலையை ருசி பார்த்த ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் பொன்னையா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, "எவன்டா டயர அவிச்சது?" என்று கத்தியிருக்கிறார். பிறகு ஹட்டன் நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காயே வாங்கினார்கள்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒரு சின்ன விஷயம். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளும் அவர் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ரெண்ட ஒன்னா மாத்துனா, எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்ங்களே."

விஞ்ஞான ஆய்வு எப்படிச் செய்வது என்று தடித்த புத்தகங்களில் நான் வாசித்ததின் சாரம் அதுதான்.

டீமேக்கர் பொன்னையாவின் அறையில், ருசி பார்க்கும் கோப்பைகள் வரிசையாக இருந்த மேசையில் கடதாசியை விரித்தேன். சண்முகவடிவு நின்றுகொண்டே கேட்டார். பச்சைக் கொழுந்து வாட்டும் மேல்தட்டில் வேலை செய்யும் அவருடைய கணவர் வீரய்யாவும், பொன்னையாவிடம் கேட்டுக்கொண்டு இறங்கி வந்து கதவருகில் நின்றார். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேலை நேரத்தில் அப்படி ஒரு சட்டையை நான் எந்த ஸ்டோரிலும் பார்த்ததில்லை.

கடதாசியின் முதல் பந்தி: இதை உண்மையாகவும் முதலாவதாகவும் கண்டுபிடித்தவர் நானே.

"நான் மட்டுமாங்க?" என்றார் சண்முகவடிவு. "தடுப்பப் பத்த வச்சது தலவாக்கலயில தகர வேல பாக்குற தகர பாஸு."

"நீங்க சொன்னபடிதானே அவர் செய்தார்?"

"ஆமாங்க. இங்கிட்டு வை, அங்கிட்டு வைன்னு நாந்தான் பக்கத்துல நின்னேன். அந்த மனுசன் 'அம்மே, மட்ட பிஸ்ஸு'ன்னு சிங்களத்துல, பைத்தியமே புடிக்குதுன்னு தலையில அடிச்சிக்கிட்டாரு."

"அப்படியென்றால் நீங்கள்தான்."

"அப்ப சரிங்க."

இரண்டாவது பந்தி: இதன் உரிமையைக் கம்பனிக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

பொன்னையா விளக்கினார். "தகரம் தோட்டத்துது. மெசினு தோட்டத்துது. நேரம் தோட்டத்துது. அதான் கம்பனிக்கு."

"யோசன வந்தது சாப்பாட்டு நேரத்துலங்க. அது யாரு நேரம்?"

"ஏ வடிவு, ஒனக்கு வாய் கூடிப்போச்சு" என்றார் பொன்னையா. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. தொழிலாளி வேலை செய்யும் இடத்தில் கண்டுபிடிப்பது யாருக்குச் சொந்தம் என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் அறுபது வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொள்வதை முத்துலிங்கம் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை அந்த அறையில் சொல்லிப் பயனில்லை. சண்முகவடிவும் அதற்கு மேல் கேட்கவில்லை. "போகட்டும், மேல படிங்க" என்றார்.

மூன்றாவது பந்தி: இன்றைய தேதிக்கு முன் இந்த முறை இத்தீவில் எங்கும் பகிரங்கமாக அறியப்பட்டதோ, பயன்படுத்தப்பட்டதோ இல்லை என்று சத்தியம் செய்கிறேன்.

"பகிரங்கம்னா, நாலு பேரு அறியங்களா?"

"ஆமாம்."

"அப்பிடிப் போடாதீங்க" என்றார். "அது நடந்த கதையில்லையே."

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார்.

ஸ்டோரின் பெரிய சக்கரத்தில் ரோதமுனி குடியிருக்கிறார். மலையகத்து ஸ்டோர்களில் வேலை செய்பவர்கள் அனைவரும் அறிந்த தெய்வம். விரல் போகாமலும், பெல்ட் அறுந்து முகத்தில் அடிக்காமலும் காப்பவர். புதிதாக வந்த எந்தக் கருவியும் ஆயுதபூசையன்று அவர் முன்னால் வைக்கப்பட்ட பிறகுதான் முறையாக வேலைக்குப் போகும். அதுவரை செய்வதெல்லாம் சோதனை. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் ஆட்களைப் பூசைக்கு அழைப்பதும் வழக்கம். வந்தவர்களுக்குப் புதுக்கருவியை ஓட்டிக் காட்டாமல் படையல் முடியாது. மறைத்து வைத்த ஆயுதத்துக்கு முனி காவல் நிற்கமாட்டார் என்பது நம்பிக்கை.

சண்முகவடிவின் சல்லடையும் முந்தைய வருட ஆயுதபூசையில் சந்தனமும் குங்குமமும் வைத்து சக்கரத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. சேவல் அறுத்தார்கள். மூன்று தோட்டங்களிலிருந்து நாற்பது பேராவது வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டியதும் மெசினை ஓட்டி, ஒரு கூடைத் தூளைச் சலித்தே காட்டினார். கல்லுமலைத் தோட்டத்து அம்மாக்கண்ணு, "யக்கா, எங்களுக்கும் நாலு காயி குடேன்" என்று மடியை விரித்தார். சண்முகவடிவு வெற்றிலைபாக்கோடு ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். தடுப்பை எப்படி வைப்பது என்றும் தரையில் கரியால் கீறிக் காட்டினார்.

"இப்ப கல்லுமலையில அப்பிடித்தான் ஓடுது. மத்த ரெண்டு எடத்துலயும் ஓடுதுன்னு கேள்வி" என்று முடித்தார்.

பொன்னையா தலையில் கை வைத்தார். "பூச வேற, வேல வேற. சாமிக்கு வச்சதெல்லாம் சட்டத்துல வருமா? நீ பேசாம கையெழுத்தப் போடு. தொர ஒனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்காரு!"

"தொர நல்லவருதாங்க. ஆனா சத்தியம் நான்ல பண்றேன்."

அப்போது வீரய்யா முதல்முறையாகப் பேசினார். "ஐயா, இந்தக் கடுதாசி வந்தா, பிரஜா உரிம ஆபீசுல காட்டலாம்ல?"

காட்டலாம், அதனால் உரிமை கிடைக்காது. அதைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தன் மனு இரண்டு வருடம் முன்பு தள்ளுபடியானதைச் சொன்னார். ஒரு தடவை திருச்சிக்குப் போய் ஆறு மாதம் இருந்ததைக் காரணம் காட்டினார்களாம். அந்தத் தள்ளுபடிக் கடிதத்தில் அவர் பெயர் இருந்தது. சண்முகவடிவுக்கு அதில்கூடப் பெயர் இல்லை. 'மனைவி ஒருவர்' என்று மட்டும் இருந்தது. தோட்டத்துச் செக்ரோலில் 'வடிவு' என்று பாதிப் பெயர்தான்.

"முழுப் பேரும் எழுதி, சீலு வச்சு வரும்னு தொர சொன்னாரு" என்றார் வீரய்யா.

சண்முகவடிவு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அந்தக் கடதாசி வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேண்டாதவராக இருந்திருந்தால் மூன்றாவது பந்தி வரை நின்று கேட்டிருக்கமாட்டார்.

"பிரக்கிராசியாரையே ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு சொல்றேங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹட்டனுக்கு வந்தார்கள். முத்துலிங்கம் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்தார். நடந்ததை நான் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார். அவர் முகத்தில் ஒரு கொண்டாட்டம் தெரிந்தது.

"பிள்ளை, நீங்கள் கேட்டது லேசான கேள்வியில்லை" என்றார். "பெரிய பெரிய ஆக்கள் சண்டை பிடிக்கிற இடம் இது. எது பகிரங்கம்? அமெரிக்காவிலை ஒரு வழக்கு. ஒருத்தர் பொம்பிளையள் உள்ளுக்குப் போடுற உடுப்புக்கு ஒரு இரும்புப் பட்டி கண்டுபிடிச்சார். தன்ரை சிநேகிதிக்குக் குடுத்தார். அவ அதை உடுப்புக்குள்ளை போட்டிருந்தா. ஒருத்தர் கண்ணிலையும் படேல்லை. பதினொரு வருசத்துக்குப் பிறகு உரிமை கேட்டார். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமோ? அது பகிரங்கப் பாவனையாம்!"

வீரய்யா தரையைப் பார்த்தார். சண்முகவடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "உள்ள போட்டதே பகிரங்கம்னா, சேவ அறுத்து ஊரக் கூட்டி ஓட்டுனது?" என்றார்.

"பொறுங்கோ, மற்றப் பக்கமும் இருக்கு. இன்னொருத்தர் ரோட்டுக்கு மரக்கட்டை பதிக்கிற முறை ஒண்டு கண்டுபிடிச்சார். பொது ரோட்டிலையே பதிச்சார். ஆறு வருசம் வண்டில் குதிரையெல்லாம் அதுக்கு மேலாலை போச்சுது. பிறகு உரிமை கேட்டார். குடுத்தாங்கள்! ஏனெண்டால் அது பாவனை இல்லையாம், பரிசோதனையாம். ஆகவே, கல்லுமலையிலை நடக்கிறதையும் நாங்கள் பரிசோதனை எண்டு சொல்லலாம். அப்பிடி வாதாட எனக்கு ஏலும். நீங்கள் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஒப்பம் வைக்கலாம்."

வீரய்யா நிமிர்ந்தார். சண்முகவடிவு கேட்டார்:

"அந்த மரக்கட்டக்காரரு, பதிச்சுட்டு அப்பறம் போய்ப் பாத்தாருங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் போய், தடியாலை தட்டிப் பாத்தவராம். சனத்திட்டைக் கேட்டவராம், எப்பிடி இருக்கு எண்டு."

"அப்ப அது சோதன. நான் கல்லுமலைக்கு ஒரு நாளும் போகலீங்க. அம்மாக்கண்ணுகிட்ட எப்பிடி ஓடுதுன்னு கேக்கவும் இல்ல. குடுத்தேன், அத்தோட மறந்துட்டேன். சோதன முடிஞ்சாத்தானே நாங்க முனிக்கு முன்னால வைப்போம்."

முத்துலிங்கம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "அமிர்தநாதன், நீதியரசர்மார் பக்கம் பக்கமா எழுதி வந்து சேந்த இடம் இதுதான்."

ஆனாலும் அவர் விடவில்லை. வாதாடுவது அவருக்கு மூச்சு. "சட்டம் ஏன் இப்பிடி உரிமை குடுக்குது எண்டு யோசியுங்கோ. உரிமை கிடைக்கும் எண்டாத்தான் மனிசர் மூளையைக் கசக்குவினம், இல்லாட்டி ஒருத்தரும் புதிசா ஒண்டும் செய்யமாட்டினம். அதுதான் அவையின்ரை நியாயம்."

"நான் செஞ்சது காளியாயி வெரலப் பாத்துங்க. இந்த மாதிரி உரிமன்னு ஒன்னு இருக்கறதே போன மாசந்தான் தெரியும்."

"அதையேதான் இந்தச் சட்டத்துக்கு எதிர்ப்பக்க ஆக்களும் கேக்கினம்" என்று முத்துலிங்கம் உரக்கச் சிரித்தார்.

சண்முகவடிவு சிரிக்காமல் தன் கேள்வியைக் கேட்டார். "நான் கையெழுத்துப் போட்டா கல்லுமலையில ஓடுற மெசினு என்னாகுங்க?"

கல்லுமலை வேறொரு கம்பனியின் தோட்டம். "உங்கடை கம்பனி அவையைக் கழட்டச் சொல்லலாம்" என்றார் முத்துலிங்கம். "இல்லாட்டி அனுமதி வாங்கச் சொல்லலாம். கழட்டத்தான் சொல்லுவினம் எண்டு நினைக்கிறன்."

"பழையபடி பிரசு போட்டுத் தேய்க்கணும்."

"ஓம்."

"முனி பேரச் சொல்லி வெத்தல பாக்கோட குடுத்ததுங்க. அத நானே கையெழுத்துப் போட்டுத் திருப்பி வாங்குறதா?" அவர் கணவரின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க."

வீரய்யா சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றும் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். "எம் பேருல வந்த கடுதாசியெல்லாம் இல்லேன்னு சொல்ல வந்ததுதான். ஒனக்காச்சும் ஒன்னு, ஆமான்னு சொல்லி வரட்டும்னு பாத்தேன்" என்றார். "வேணாம் புள்ள. பொய்யிக்கு மேல அந்தச் சீலு எதுக்கு."

சண்முகவடிவு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முத்துலிங்கம் எழுந்து ஜன்னல்வரை போய் வந்தார். "ஒண்டு சொல்லுறன். நீங்கள் ஒப்பம் வைக்காட்டி கம்பனி விடும் எண்டு நினையாதையுங்கோ. துரை விடுவார். ஆனால் கொழும்பிலை ஒரு என்ஜினியர் கழற்சிக்காய்க்குப் பதிலா மரக்குண்டு போட்டு, தான் கண்டுபிடிச்சது எண்டு எழுதலாம். அப்பவும் கல்லுமலையிலை கழட்டத்தான் வேணும்."

"அதத் தடுக்க முடியாதுங்களா?"

"ஏலும். நடந்ததை அப்பிடியே சத்தியக் கடதாசியா எழுதி வைப்பம். எந்தத் தேதி, எந்தப் பூசை, ஆர் ஆர் பாத்தது, எப்பிடிச் செய்தது. அது வெளியிலை இருக்கும் மட்டும் ஒருத்தனும் புதிசு எண்டு சொல்லிக்கொண்டு வர ஏலாது. ஆனால் ஒண்டு பிள்ளை, அதுக்குப் பிறகு அது உங்களுக்கும் சொந்தமில்லை. ஆருக்கும் சொந்தமில்லை."

"எழுதுங்க" என்றார் அவர்.

அவர் சொல்லச் சொல்ல நான் முதலில் தமிழில் எழுதினேன். முத்துலிங்கம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "விளக்கமா எழுதும். இதை வாசிச்சு ஒருத்தன் தானே செய்யக்கூடியதா இருக்கோணும்" என்றார். அளவுகளை விரலால் காட்டினார் சண்முகவடிவு: தடுப்பின் உயரம் இரண்டு விரற்கடை, வலைக்கும் வலைக்கும் இடைவெளி காயைவிட அரை விரற்கடை கூட. இறப்பர் பந்து போட்டால் தூள் நாறும் என்பதையும் எழுதச் சொன்னார். "அடுத்தவங்க அந்தத் தப்ப மறுபடி பண்ண வேணாம்." தகர பாஸின் பெயரையும் சேர்த்தார். பதினொரு பேர் காயை எடுக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

சத்தியக் கடதாசிக்குச் சீல் வைக்கும் சமாதான நீதவான் பஜாருக்குப் பின்னால் குடியிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். முழுவதையும் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னம்மா, உரிம வேணும்னு சத்தியம் பண்ண ஆயிரம் பேரு வந்திருக்காங்க. வேணாம்னு சத்தியம் பண்ண ஒருத்தரும் வந்ததில்ல."

"வேணாம்னு சொல்லலீங்க. நடந்ததச் சொன்னேன்."

சண்முகவடிவு தமிழும் ஆங்கிலமுமாகத் தட்டெழுதிய ஆறு பிரதிகள் கேட்டிருந்தார். காயை வாங்கிப்போன ஸ்டோர்கள் மூன்றுக்கும் ஒவ்வொன்று, காளியாயி கையில் ஒன்று, கந்தோரில் ஒன்று. ஒன்றை வீரய்யா கேட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புவரை படித்த எழுத்தில், ஆறு தாளிலும் சண்முகவடிவு தன் முழுப்பெயரை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நிறைய நேரம் எடுத்தது. நீதவான் சீலைக் குத்தக் குத்த, அந்த வட்டத்தின் மை காயும்வரை வீரய்யா தாளை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார்.

கொழும்புக் கம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்துலிங்கம் பதிலோடு ஒரு நகலை இணைத்து அனுப்பினார். அதன்பிறகு விண்ணப்பம் பற்றிப் பேச்சில்லை. துரை ஒருநாள் சலிப்பறைக்கு வந்து, ஓடும் மெசினை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, சண்முகவடிவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனாராம். பொன்னையா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீரய்யா மேல்முறையீடு செய்த பிரஜாவுரிமை மனுவும் தள்ளுபடியானது. அதை மறைத்து எழுதுவதில் நியாயமில்லை.

1964இல் ஒரு காணி விஷயமாக உடப்புசல்லாவைப் பக்கம் போயிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய ஸ்டோரில் அந்தச் சத்தம் கேட்டது. சலிப்பறைக்குள் போனேன். மெசினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாங்கள் தட்டெழுதிய ஆறில் ஒன்றல்ல. யாரோ கொப்பித்தாளில் பென்சிலால் பார்த்து எழுதியது. தேதி, பூசை, விரற்கடை அளவு, தகர பாஸின் பெயர் எல்லாம் இருந்தன. கீழே சண்முகவடிவு என்று முழுப்பெயர். அதன் பக்கத்தில் சீலையும் விடாமல், ஒரு காசை வைத்து வட்டம் போட்டு வரைந்திருந்தார்கள். சீலின் மேல் சந்தனம் வைத்திருந்தது. ஓரத்தில் வேறு ஒரு கையெழுத்தில், மழைக்காலத்தில் காய்களை வாரம் ஒருமுறை அடுப்பு மேல் உலர்த்தவும் என்று சேர்த்திருந்தார்கள்.

மெசினருகே நின்ற இளம்பெண்ணிடம், சண்முகவடிவின் பெயரைக் காட்டி, இது யார் என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. நான் வரும்போதே இருந்துச்சு. அந்தப் பொட்டியப் பத்தி அவங்க எழுதாத ஒன்ன நாம புதுசா கண்டுபிடிச்சா, ஓரத்துல எழுதிரணுமாம். அதுதான் மொறைன்னு சொன்னாங்க."

"ஓரத்தில் எழுதியிருக்கிறது யார்?"

"நாந்தாங்க" என்றாள். பெயர் போடவில்லையே என்றேன். வெட்கப்பட்டாள். நான் என் பேனாவைக் கொடுத்தேன். அவள் மெசினை நிறுத்தாமலே சுவரோரம் போய், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மேலே இருந்த பெயரைவிடச் சின்ன எழுத்தில், நாகலெட்சுமி என்று எழுதினாள்.